நெற்றியில் என்ன இருக்கிறது?

வேலூர்க் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள்கூட அந்த ஊரைப் பற்றிய கேலிப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை' என்பார்கள். ராஜாக்கள் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. பாலாறு நல்ல மழைக்கு எப்போதாவது கண் திறக்கிறது. ஆனால் 'சாமி இல்லாத கோயில்' என்பது மட்டும் இப்போது பொருந்தாது. ஸ்ரீஜலகண்டேஸ்வரர் 1981-ம் ஆண்டு தன் கருவறைக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அவர் இல்லாமல் கருவறை இருண்டு கிடந்த காலத்தில், அதே கோட்டைக்குள், நெற்றியில் இடும் திருநீற்றுக்காகவும் நாமத்துக்காகவும் ரத்தம் சிந்திய ஓர் ஆண்டைப் பற்றி முதலில் உங்களோடு பேச வேண்டும்.

அது 1806.

பள்ளிக்கூடத்தில் 'வேலூர் சிப்பாய்க் கலகம்' என்று ஒரு பாடம் படித்திருப்போம். காரணங்கள், விளைவுகள் என்று வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. இப்போது, தினமும் காலையில் விளக்கேற்றி, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைகிற ஒரு பெண்ணாக அந்தப் பாடத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். வேறு மாதிரி தெரியும்.

அப்போது சென்னை ராஜதானியின் கவர்னர் வில்லியம் பெண்டிங் பிரபு. படைத்தளபதி சர் ஜான் கிரடாக். கம்பெனிப் படையில் இருந்த நம் ஊர்ச் சிப்பாய்கள் ஆளுக்கொரு விதமாக இருந்தார்கள். ஒருவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார், அடுத்தவர் நாமம், இன்னொருவர் காதில் கடுக்கன், முஸ்லிம் சிப்பாய்களுக்குத் தாடி. வரிசையில் நிறுத்தினால் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் தெரிய வேண்டாமா? 1805 நவம்பரில் புதுவிதத் தலைப்பாகை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பார்ப்பதற்கு வெள்ளைக்காரர்களின் வட்டத் தொப்பி மாதிரி இருந்தது. அதில் தோலால் செய்த ஓர் அலங்காரச் சின்னம் வேறு. அடுத்த சில மாதங்களில் இன்னொரு விதி. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடையைச் சுத்தமாக மழித்திருக்க வேண்டும்.

கவனியுங்கள்... 'சாமி கும்பிடாதே' என்று யாரும் சொல்லவில்லை. 'தொழுகைக்குப் போகாதே' என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் எத்தனை பட்டை வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம். (மழித்த தாடியை வீட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ள முடியாது என்பது வேறு விஷயம்!) உத்தரவு போட்டவர் பக்கமிருந்து பார்த்தால் இது ஒரு சின்னக் காரியம். துணி, முடி, கொஞ்சம் சாம்பல். இதற்குப் போய் ஒருவன் உயிரை விடுவான் என்று அவர் எப்படி நினைத்திருக்க முடியும்?

மே மாதமே அறிகுறி தெரிந்துவிட்டது. தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். இருவருக்குக் கசையடி, வேலையும் போயிற்று. அந்த இருவரில் ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். இன்னும் 19 பேருக்கும் கசையடி என்றுதான் தீர்ப்பு. அவர்கள் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள்.

தலைப்பாகையின் அந்தத் தோல் எந்த மிருகத்தினுடையதோ என்ற அருவருப்பு இரு தரப்புக்கும் இருந்தது. இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சின்ன நெருடல். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இன்றைக்குச் சோறு பொங்குவதே தோலால்தான். தோல் என்றாலே தீட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட நம் சமயமும் இடம் கொடுக்கவில்லையே! திருநாளைப்போவார் என்கிற நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்த தொண்டர் அல்லவா? கண்ணப்பர் செருப்புக் காலையே சிவபெருமானின் திருமேனியில் ஊன்றிக்கொண்டார். பெருமான் முகம் சுளித்தாரா? ஆக, தோல் மட்டுமே 1806-ன் பிரச்னை இல்லை. 'உன் தலையில் நான் வைப்பது இருக்கட்டும், உன் நெற்றியில் நீ வைத்தது போகட்டும்' என்றார்களே, அங்கேதான் கதை இருக்கிறது.

நாம் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. 'மனசுல பக்தி இருந்தா போதும், வெளியில என்ன இருக்கு?' நானும் சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். கேட்க எவ்வளவு உயர்ந்த தத்துவம்! இந்த வாக்கியத்தைப் புரட்டிப்போட்ட ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். காலமாகி மூன்று வருடம் ஆகிறது. இவர் காலை ரயிலைப் பிடித்து ஆம்பூருக்குப் போய், ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் தைக்கிறார். சாயந்திரம் வீடு திரும்பியதும் குளித்து, விளக்கேற்றிவிட்டுத்தான் காபியே. தங்கை மகளின் வளைகாப்புக்குப் போயிருக்கிறார். சந்தனம், குங்குமத் தட்டு வரிசையாக வந்திருக்கிறது. இவர் முன்னால் வந்ததும் தட்டு ஒரு கணம் நின்று, அப்படியே அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டது. இவர் முகம் மாறியதைப் பார்த்த உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் ஆறுதலாகச் சொன்னாராம்: "நெத்தியில என்னம்மா இருக்கு? மனசுல சாமி இருந்தா போதாதா?"

வாசகி எழுதியிருந்த கேள்வி இதுதான்: 'நெற்றியில் ஒன்றும் இல்லை என்றால், எல்லோரும் அழித்துக்கொள்ளலாமே. என்னுடையதை மட்டும் ஏன் அழிக்கச் சொல்கிறார்கள்?'

நான் பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இதே கேள்வியை ஒரு சிப்பாய் கிரடாக்கிடம் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? விபூதி ஒன்றுமில்லாத விஷயம் என்றால், அதை அழிக்க இவ்வளவு பெரிய உத்தரவு எதற்கு? பெரிய விஷயம் என்றால், அதில் கைவைக்க அவர் யார்?

நம் முன்னோர் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்தால், இரண்டு பக்கமும் சொல்லியிருக்கிறார்கள். உலகம் பழிப்பதை விட்டுவிட்டாலே போதும், மொட்டையும் வேண்டாம், சடையும் வேண்டாம் என்பது திருவள்ளுவர் கட்சி. கூடாவொழுக்கம் அதிகாரத்தில் வேஷக்காரர்களை அவர் விளாசுவதைப் படித்தால் இன்றைய பத்திரிகைச் செய்தி போலவே இருக்கும். சித்தர்கள் அதற்கும் ஒரு படி மேல். மறுபக்கம், திருநீற்றையே மந்திரமாகவும் மருந்தாகவும் கண்டு ஒரு பதிகமே பாடினார் திருஞானசம்பந்தர். இரண்டில் எது சரி?

இரண்டுமே சரிதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் யார், யாரிடம் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். வள்ளுவர் வேஷம் போடுகிறவனைப் பார்த்து, 'இதை நம்பி ஏமாறாதே, உள்ளே திருந்து' என்கிறார். அது அவனுக்கான மருந்து. அதே வாக்கியத்தை அதிகாரத்தில் இருப்பவர் எடுத்துக்கொண்டு, எந்த வேஷமும் போடாத ஒருவரின் நெற்றியைத் துடைக்கப் போனால் அது மருந்தா?

காரைக்கால் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். அழகு, இளமை, உடம்பின் சதை எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டவர். அப்போது அவருடைய கணவர் உயிரோடுதான் இருந்தார். அம்மையாரின் பெருமையைக் கண்டு பயந்து, தெய்வம் என்று காலில் விழுந்தவர் அந்தக் கணவர். 'நீ இனி அலங்காரம் செய்துகொள்ளக் கூடாது' என்று அம்மையாருக்கு யாரும் சொல்லவில்லை. அவராகவே உதறினார். அதனால்தான் அது துறவு. அறுபத்துமூவரும் நிற்கும் வரிசையில் அவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார், பார்த்திருப்பீர்கள்.

மங்கையர்க்கரசியார் கதை இதற்கு நேர் எதிர். சோழர் வீட்டுப் பெண். மதுரைக்கு மருமகளாகப் போனவர். ஏழாம் நூற்றாண்டு. கணவர் பாண்டிய மன்னர், சமண சமயத்தில் இருக்கிறார். அரண்மனையே அந்தப் பக்கம். ராணியால் நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு வெளியே வர முடியாது. ஆகவே யார் கண்ணிலும் படாமல், ஆடைக்குள் மறைத்து நெஞ்சில் பூசிக்கொள்வாராம். செவிவழியாக வரும் கதை இது. 'மனதில் சிவன் இருந்தால் போதும்' என்று அவர் விட்டுவிட்டிருக்கலாம். மனதில் சிவன் இல்லாமலா அத்தனை நாள் காத்திருந்தார்? இருந்தும், யாருமே பார்க்காத இடத்திலாவது அந்தச் சாம்பல் அவருக்கு வேண்டியிருந்தது. அது ஊருக்காக இட்டுக்கொண்ட சின்னம் இல்லை. வேஷம் என்று சொல்லவே முடியாத திருநீறு அது ஒன்றுதான் என்றுகூட எனக்குத் தோன்றும்.

சம்பந்தர் வந்தார், மன்னரின் வெப்புநோய் திருநீற்றால் தீர்ந்தது, பாண்டிய நாடு மறுபடி சைவத்துக்குத் திரும்பியது. இதை எத்தனை முறை சொன்னாலும் நமக்கு அலுக்காது. அதே கதையின் முடிவில், வாதில் தோற்ற சமணர்கள் எண்ணாயிரம் பேர் கழுவேறியதாக வரும் பகுதியை மட்டும் நாம் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறோம். அது வரலாற்றில் நடந்ததுதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நடந்ததோ இல்லையோ, மறைத்துப் பூசிய நாளின் வலி தெரிந்தவர்கள், ஆட்சி தங்கள் பக்கம் வந்த மறுநாள் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி அங்கே எழுகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய கேள்வி இல்லை. ரோமாபுரியில் நடந்ததைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே தூக்கம் போய்விட்டது. கி.பி. 250-ம் ஆண்டு வாக்கில் டெசியஸ் என்ற பேரரசர் ஓர் உத்தரவு போட்டார். நாட்டில் உள்ள அனைவரும் ரோமாபுரியின் தெய்வங்களுக்குப் பலி கொடுத்து, கொடுத்ததற்குச் சான்றிதழும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். அவர்களிடம் அதிகாரிகள் என்ன சொல்லியிருப்பார்கள்? 'ஒரு சிட்டிகை சாம்பிராணியை நெருப்பில் போட்டுவிட்டுப் போயேன், உன் மனதில் உன் கடவுளை வைத்துக்கொள், யார் வேண்டாம் என்றது?' சிலர் போட்டார்கள். சிலர் மறுத்து உயிரை விட்டார்கள். எகிப்து நாட்டு மணலில் அந்தச் சான்றிதழ்கள் சில இன்றும் கிடைத்திருக்கின்றன.

சக்கரம் சுழன்றது. பேரரசர்களே கிறிஸ்தவர்கள் ஆனார்கள். கி.பி. 392 வந்தது. அந்த ஒரே ஆண்டில் என்னென்ன நடந்தன, பாருங்கள்! மே மாதம், மேற்குப் பகுதியை ஆண்ட இளம் பேரரசர் இரண்டாம் வாலண்டினியன் தூக்கில் தொங்கியபடி கிடந்தார். தற்கொலையா, கொலையா என்று இன்றும் விவாதம். ஆகஸ்டில், படைத்தலைவர் ஒருவர் தனக்கு வேண்டிய யூஜீனியஸ் என்பவரைப் பேரரசராக்கினார். கிழக்கில் இருந்த பேரரசர் தியோடோசியஸ் நவம்பர் 8-ம் தேதி ஒரு சட்டம் பிறப்பித்தார். பழைய தெய்வங்களுக்குக் கோயிலில் பலி கொடுப்பதைத் தடுத்தது மட்டுமல்ல... வீட்டுக்குள் குலதெய்வத்துக்கு விளக்கேற்றக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது, மாலை சாத்தக் கூடாது. மரத்தைச் சுற்றி நாடா கட்டி வழிபட்டாலும் குற்றம். எந்த வீட்டில் அது நடந்ததோ, அந்த வீடே பறிபோகும்!

ஒரு நிமிடம் உங்கள் பூஜை அறையை நினைத்துப் பாருங்கள். விளக்கு, சாம்பிராணி, பூமாலை. அரசமரத்தில் கட்டிய மஞ்சள் கயிறு. கடல் கடந்த ஏதோ ஒரு ஊரில், உங்களைப் போலவே ஒரு வீட்டுப் பெண்மணி அன்று சாயந்திரம் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்றுவதா வேண்டாமா என்று நின்றிருப்பாள் இல்லையா?

சாம்பிராணியைப் போடாததற்காக உயிர் போன காலத்துக்கும், போட்டதற்காக வீடு போன காலத்துக்கும் நடுவே நூற்று நாற்பத்து சொச்சம் ஆண்டுகள்தான். ஏழெட்டுத் தலைமுறை இருக்குமா? நெருப்பில் விழுந்தது என்னவோ அதே ஒரு சிட்டிகை சாம்பிராணி. இதில் எந்தச் சமயத்தையும் குறை சொல்வதற்கு இல்லை. கையில் அதிகாரம் வந்ததும், 'மனதில் இருந்தால் போதாதா?' என்ற வாக்கியம் எல்லோர் வாயிலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வேலூருக்குத் திரும்புவோம். 1806 ஜூலை 9. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799-ல் விழுந்த பிறகு, திப்பு சுல்தானின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். அன்று திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். கோட்டைக்குள் ஆள்நடமாட்டம் அதிகம். இரவு விடிவதற்குள், அதாவது ஜூலை 10-ம் தேதி அதிகாலை இருட்டில், சிப்பாய்கள் எழுந்தார்கள். படுக்கையில் உறங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சுட்டார்கள். கோட்டையின் தளபதி கர்னல் பான்கோர்ட் கொல்லப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது.

ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற அதிகாரி குதிரைப்படையோடு விரைந்து வந்தார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று இறந்த சிப்பாய்கள் முந்நூறுக்கும் மேல் என்பார்கள். பிறகு நடந்த விசாரணையில் சிலரைத் தூக்கிலிட்டார்கள், சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். அந்த மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது.

சமயச் சின்னத்துக்காக மட்டுமே நடந்ததா, திப்புவின் வாரிசுகளை மறுபடி அரியணையில் ஏற்றும் ஆசையும் கலந்திருந்ததா? இரண்டும் கலந்துதான் இருந்தன. நெற்றியில் பட்ட காயம் இல்லாவிட்டால் அந்தக் கொடிக்கு அத்தனை கைகள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தூங்குகிறவர்களைக் கொன்றது சரியா? இதில் மழுப்ப எனக்கு விருப்பமில்லை. சரியில்லை. மகாபாரதத்தில் அசுவத்தாமனுக்கு இருந்த கோபம் நியாயமான கோபம். தந்தை துரோணரை ஒரு பொய் சொல்லி ஆயுதத்தைக் கீழே போடவைத்துக் கொன்றார்கள். ஆனாலும் அவன் நள்ளிரவில் பாசறைக்குள் புகுந்து உறங்கும் பிள்ளைகளை வெட்டியதை பகவான் கிருஷ்ணர் மன்னிக்கவில்லை. பிறக்கும்போதே அவன் நெற்றியில் இருந்த மணியைப் பறித்தார்கள். காரணம் நியாயமாக இருந்தால் காரியமும் நியாயமாகிவிடும் என்று நம் இதிகாசம் எங்கேயும் சொல்லவில்லை. சிப்பாய்களின் வலி உண்மை. அன்று அதிகாலை அவர்கள் செய்தது பாவம். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தளபதி பான்கோர்ட்டின் மனைவி அமேலியா, குழந்தைகளோடு எப்படியோ உயிர் தப்பினார். இரண்டு வாரம் கழித்து, நடந்ததை எல்லாம் எழுதி வைத்தார். அந்த அதிகாலையை உள்ளே இருந்து பார்த்து எழுதிய சாட்சி அவர். அன்று ஒரே பொழுதில் கணவரை இழந்த பெண். சிப்பாய்களின் மனைவிகளும் இருந்தார்கள் அல்லவா? கணவன் நெற்றியில் திருநீறு நிலைக்க வேண்டும் என்று நடந்த சண்டை, சூரியன் உச்சிக்கு வருவதற்குள் முடிந்துபோயிற்று. அன்று மாலையிலிருந்து அந்த வீடுகளில் எத்தனை நெற்றிகளில் குங்குமம் அழிந்திருக்கும்? அதை அழித்தது கிரடாக் இல்லை. கம்பெனி இல்லை. மாமியார், நாத்தனார், ஊர்ப் பெரியவர்கள்... நாம்.

உத்தரவுகள் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டு, 1807-ல், பெண்டிங் பிரபுவையும் கிரடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. சிப்பாயின் நெற்றியில் விபூதி மறுபடி ஏறியது. அந்தப் பெண்களின் நெற்றிக்கு யார் உத்தரவை ரத்து செய்வார்கள்?

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதே பெண்டிங் பிரபு இருபது ஆண்டுகள் கழித்து கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். 1829 டிசம்பரில் உடன்கட்டை ஏறுவதைத் தடைசெய்து சட்டம் போட்டவர் அவர்தான். அடுத்த ஆண்டு நம் சென்னை ராஜதானிக்கும் அது வந்தது. அந்த முறை அவர் அவசரப்படவில்லை. ராணுவ அதிகாரிகளிடம், 'சிப்பாய்கள் என்ன நினைப்பார்கள்?' என்று கருத்துக் கேட்டுக்கொண்டுதான் இறங்கினார். வேலூரில் சூடு பட்டவர் அல்லவா! அன்றைக்கும் 'எங்கள் சமயத்தில் கைவைக்காதே' என்ற குரல் எழுந்தது. அதை எதிர்த்து லண்டன் வரை மேல்முறையீடு போயிற்று. ஆனால் இன்று நாம் யாரும் அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

அப்படியானால் ஒரே மனிதர் போட்ட இரண்டு உத்தரவுகளில் ஒன்று ஏன் வலிக்கிறது, இன்னொன்று ஏன் இனிக்கிறது? ஆள்கிறவர்கள் சமயத்தில் தலையிடவே கூடாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டால் 1829-க்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த வரை வித்தியாசம் இவ்வளவுதான். சிப்பாயின் விபூதியால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை; அது அவனே விரும்பி இட்டுக்கொண்டது. அதைப் பறித்தார்கள். சிதையில் ஏறிய பெண்ணிடமிருந்தோ மற்றவர்கள் அவள் உயிரையே பறித்துக்கொண்டிருந்தார்கள், அதைத் தடுத்தார்கள். யாருடைய நெற்றி, யாருடைய உடம்பு என்று கேட்டால் போதும், இரண்டுக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

ஜோலார்பேட்டை வாசகியின் கேள்வியும் இதே இடத்தில்தான் நிற்கிறது. தாலி கணவனோடு வந்தது, சரி. பொட்டு? தொட்டிலில் கிடக்கும்போதே கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று அம்மா வைத்துப் பார்த்த மை அது. பள்ளிக்கூடம் போனபோது சாந்து, பிறகு குங்குமம். முப்பது, நாற்பது வருடம் அவர் விரும்பி வைத்துக்கொண்டது. 'வேண்டாம்' என்று அவரே ஒதுக்கினால் காரைக்கால் அம்மையாரின் வழி, வணங்குவோம். மனது கேட்காமல் ஒரு சின்னப் பொட்டு வைத்துக்கொண்டால் அது மங்கையர்க்கரசியாரின் வழி. இரண்டில் எது என்று தட்டைப் பிடித்திருக்கும் பெண் முடிவு செய்ய முடியாது.

'சம்பிரதாயம் என்று ஒன்று இருக்கிறதே' என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குக் கேட்கிறது. இருக்கிறது. அதை மதித்து, குங்குமத்தை விட்டு, விபூதி மட்டும் இட்டுக்கொண்டு நிறைவாக வாழ்ந்த பாட்டிமார்களை எனக்குத் தெரியும். அவர்களின் நெற்றியில் இருந்த தெளிவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்களில் யாராவது கேட்டுக்கொண்டு விட்டார்களா, கேட்காமலே எடுக்கப்பட்டதா என்பதை மட்டும் நாம் அப்போது கேட்டுவைக்கவில்லை. இப்போது கேட்க அவர்கள் இல்லை.

சரி, ஜலகண்டேஸ்வரர் கதைக்கு வருகிறேன். பதினாறாம் நூற்றாண்டில், சின்ன பொம்மு நாயக்கர் காலத்தில் எழுந்த கோயில். மகான் அப்பய்ய தீட்சிதரை ஆதரித்துக் கனகாபிஷேகம் செய்த அதே நாயக்கர்தான். உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்தின் சிற்பத் தூண்களைப் பார்க்க ஒரு நாள் போதாது. அப்பேர்ப்பட்ட கோயிலில் மூலவரே இல்லை! படையெடுப்புகளின் நெருக்கடியில் சிவலிங்கத் திருமேனி வெளியே எடுத்துச் செல்லப்பட்டது. கோட்டை கைமாறிக் கைமாறிப் போய், ஆயுதக் கிடங்காகவும் இந்தக் கோயில் இருந்தது. 1806-ல் சிப்பாய்கள் திருநீற்றுக்காகக் கொந்தளித்தபோது, சில நூறு அடி தூரத்தில் இருந்த கருவறையில் திருநீறு கொடுக்க ஆளும் இல்லை, அபிஷேகம் வாங்கிக்கொள்ள சுவாமியும் இல்லை.

ஆனால் வழிபாடு நின்றுவிட்டதா என்றால், இல்லை. சத்துவாச்சாரியில் ஒரு விநாயகர் கோயிலில் அந்தத் திருமேனிக்குப் பூஜை நடந்துகொண்டுதான் இருந்தது. ஈசன் அங்கே காத்திருந்தார் என்று வேலூர்க்காரர்கள் சொல்வார்கள். கோட்டைக் கோயிலோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். அங்கே புதிதாக வழிபாடு தொடங்க விதி இடம் தராது. 'மனசுல கும்பிட்டுக்கலாமே' என்று அந்த ஊர் மக்கள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1981 மார்ச் 16-ம் தேதி சுவாமியைக் கோட்டைக்குள் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. அன்றிலிருந்து ஜலகண்டேஸ்வரரும் அன்னை அகிலாண்டேஸ்வரியும் அங்கே அருள்பாலிக்கிறார்கள்.

ஜோலார்பேட்டையிலிருந்து போகிறவர்களுக்கு வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் தாண்டிக் காட்பாடியில் இறங்கினால் கோட்டை பக்கம்தான். ஒருமுறை போய் வாருங்கள். அகழியைக் கடந்து உள்ளே போனதும், கோயிலுக்குப் போகிற அவசரத்தில் அந்த மதில்களைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். சுவாமி சந்நிதியில் விபூதி. அம்பாள் சந்நிதியில் குங்குமம். வாங்கியதைப் பாதி இட்டுக்கொண்டு மீதியைக் காகிதத்தில் மடிக்கும்போது, பக்கத்தில் யாராவது ஒரு பெண் குங்குமத்தை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கலாம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை ஒரு தூணின் விளிம்பில் கொட்டிவிட்டுப் போவார். நம் ஊர்க் கோயில்கள் எல்லாவற்றிலும் தூண்களில் சிவப்புப் படிந்திருக்கிறதே, அதில் எவ்வளவு அப்படி வந்தது என்று நான் இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

அந்த வாசகிக்குத் தனியாக ஒரு பதில் எழுதிப் போட்டேன். அவருடைய தங்கை மகளுக்கு இந்நேரம் குழந்தை பிறந்திருக்கும். தொட்டில் போடும் விசேஷத்துக்கு அழைப்பு வரும். மறுபடி ஒரு தட்டு வரும். அதைக் கையில் பிடித்திருப்பவர் நம் பத்திரிகையைப் படிக்கிற ஒருவராகவும் இருக்கலாம். அவர் முன்னால் தட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். எடுத்துக்கொள்வதும் எடுக்காததும் அவர் இஷ்டம்.